கிளைக் கணக்கை ஃபேக்ஸ் போலிங்கில் எடுப்பது: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

போலிங்கில் டயல் செய்கிறவர் அனுப்புவதில்லை, வாங்கிக்கொள்கிறார். கிளைக்காரர்கள் தாளை ஏற்றி வைத்துவிட்டு ஷட்டரை இறக்கிப் போகலாம். தலைமை அலுவலகம் தோதான நேரத்தில் அழைத்து எடுத்துக்கொள்ளும். கால் செலவும் எடுப்பவர் தலையில்தான்.

கிளையில் தாளை ஃபீடரில் வைத்து, ஃபேக்ஸ் மெனுவில் போலிங் அனுப்புதலை ஆன் செய்து ஸ்டார்ட் அழுத்த வேண்டும். தாள் மெமரிக்குள் ஸ்கேன் ஆக வேண்டும். ஃபீடரிலேயே காத்திருக்கும் மாடல் என்றால், அடுத்து ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர் அதை உருவி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ரிசீவ் மோடு ஆட்டோவில் இருக்கட்டும். போன் மோடில் விட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது.

தலைமை அலுவலகம் அழைக்க, கிளை மெஷின் எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு ஒலி எழுப்பி, தன் திறன்களைச் சொல்லும். ‘அனுப்பத் தாள் இருக்கிறது’ என்பதும் அதில் ஒரு பிட் (ஆம்/இல்லை என்ற குறி). அது இருந்தால்தான் அழைத்த மெஷின் ‘அனுப்பு’ என்று கட்டளையிடும். இல்லாவிட்டால் லைன் துண்டிக்கப்படும். பாதிப் புகார்களுக்குக் காரணம் இதுதான்: தலைமை அலுவலகத்தில் 6.30-க்கு டைமர் வைத்திருப்பார்கள், கிளையில் 6.35-க்குத் தாள் ஏற்றுவார்கள். இரண்டு மெஷின்களின் கடிகாரத்தையும் முதலில் சரிபாருங்கள்.

எண்ணை டயல் செய்ததும் ‘எக்ஸ்டென்ஷனை அழுத்தவும்’ என்று குரல் வரும் இடங்களில் போலிங் தடுமாறும். எண்ணுக்குப் பின் இரண்டு மூன்று பாஸ் (டயலிங்கில் சிறு இடைவெளி) போட்டு, எக்ஸ்டென்ஷனையும் சேர்த்தே சேமித்தால் பெரும்பாலும் சரியாகும். ஃபைபர் லைனில் பாதிப் பக்கத்தில் அறுந்தால் வேகத்தை 9600 bps-க்கு (நொடிக்கு 9600 பிட்) இறக்குங்கள். இறக்க வேண்டியது கிளை மெஷினில். தாளை அனுப்புவது அதுதானே.

பாஸ்வேர்டு இல்லாத போலிங்கில், எண் தெரிந்த எவரும் கணக்கை எடுத்துப் போகலாம். சம்பளப் பட்டியலை அப்படி வைப்பது கல்லாவைத் திறந்து போடுகிற மாதிரி. பிரதர் மெஷின்களின் நான்கு இலக்க ரகசிய போலிங் பிரதர் மெஷின்களுக்கு இடையில் மட்டும்தான் வேலை செய்யும். வேறு பிராண்டுகள் கலந்திருந்தால், சப்-அட்ரஸ் (மெஷினுக்குள் தாள் இருக்கும் பெட்டியைக் குறிக்கும் எண்), பாஸ்வேர்டு இரண்டையும் இரு மெஷின்களும் ஏற்குமா என்று முன்கூட்டியே சோதியுங்கள்.

எடுத்த பிறகும் சில மாடல்கள் தாளை மெமரியிலேயே வைத்திருக்கும், கையால்தான் அழிக்க வேண்டும். மறந்தால் மறுநாள் தலைமை அலுவலகத்துக்கு நேற்றைய கணக்கே, தேதி மாறாமல், மறுபடி போகும்.