போலரைஸ்டு கண்ணாடி வாங்கும்போது கடைக்காரர் காட்டும் அட்டையை நம்பாதீர்கள்

தூண்டில் போடுகிற நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணீர் மேல் அடிக்கும் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் கேட்டால் கடையில் ஒரு சின்ன அட்டையை நீட்டுவார்கள். வெறுங்கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் ஒரு மீனோ படகோ தெரியும். படம் தெரிந்துவிட்டால் கண்ணாடி நல்ல கண்ணாடி என்று அர்த்தமில்லை. சென்னையில் ஒரு கடை அந்த அட்டையைக் காட்டித்தான் 4,200 ரூபாய்க்கு ஒரு கோளாறான கண்ணாடியை என் தலையில் கட்டியது. திருப்பிக் கொடுக்கப் போனபோதும் அதே அட்டையைக் காட்டித்தான் என்னை விரட்டப் பார்த்தார்கள்.

நான் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் போய் கொடுவா மீனுக்கு லூர் (செயற்கை இரை) வீசுவது சென்னையை அடுத்த முட்டுக்காடு கழிமுகத்தில். அங்கே பல இடங்களில் ஆழம் குறைவு, தண்ணீர் பழுப்பும் பச்சையும் கலந்த கலங்கல். அடியில் கிடக்கும் சிப்பிப் பாறை கண்ணில் படாவிட்டால் லூரும் போகும், கயாக்கின் அடியும் கீறும். இதையெல்லாம் கடைக்காரரிடம் விவரமாகச் சொன்னேன். விடியலில் போவேன், கழிமுகத்தில்தான் போடுவேன், ஆழ்கடலுக்குப் போவதில்லை என்றும் சொன்னேன். அவர் எடுத்து வைத்தது வெளிப்புறம் நீலமாக மின்னும் மிரர் பூச்சு பூசிய ஒன்று. "ஃபிஷிங்னா ப்ளூ மிரர்தான் சார், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க. பேக்வாட்டர், கடல் எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அட்டையில் படம் பளிச்சென்று தெரிந்தது. பெட்டியின் மேல் 'ஃபிஷிங் ஸ்பெஷல்' என்று ஸ்டிக்கர்.

தண்ணீரில் இறங்கியதும் முதல் கோளாறு தெரிந்தது. சூரியன் மேலே வரும்வரை எல்லாம் ஒரே இருட்டு. சரி, வெயில் வரட்டும் என்று காத்திருந்தேன். வெயில் ஏறியதும் இரண்டாவது கோளாறு. இடது கண்ணுக்குத் தண்ணீருக்கடியில் மணல் வரி தெரிகிறது, பாசி தெரிகிறது. வலது கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைப் பளபளப்பு. தலையை ஒரு பக்கம் சாய்த்தால் வலது கண் தெளிகிறது, இடது கண்ணில் பளபளப்பு ஏறுகிறது. முகத்துவாரத்துப் பக்கம் வலை வீசிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் "அந்தா மடவை திரும்புது பாரு தம்பி" என்று கை காட்டுகிறார். அவருக்கு வெறுங்கண்ணில் தெரிந்தது எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை. கரையேறும்போது நெற்றிப்பொட்டில் நல்ல வலி.

விஷயம் இதுதான். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்டமாகவே அதிரும். போலரைஸ்டு லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய ஃபிலிம் அந்தக் கிடைமட்ட அதிர்வைத் தடுத்து, செங்குத்தானதை மட்டும் உள்ளே விடும். ஃபிரேமில் லென்ஸை மாட்டும்போது ஃபிலிமின் கோடு சாய்ந்துவிட்டால், சாய்ந்த அளவுக்குப் பளபளப்பு உள்ளே வரும். 20 டிகிரி சாய்ந்தாலே ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வந்துவிடும். 5 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்கிறது ஐஎஸ்ஓ 12312-1 என்ற சர்வதேசத் தர விதி. இடது கண்ணுக்கு ஒரு சாய்வு, வலது கண்ணுக்கு இன்னொரு சாய்வு என்றால் மூளை இரண்டையும் ஒட்ட வைக்கப் படாதபாடு படும். கடை அட்டைக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. லென்ஸில் ஃபிலிம் என்று ஒன்று இருந்தால் போதும், கோணம் சாய்ந்திருந்தாலும் படம் தெரிந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண கால்குலேட்டர் போதும். திரையில் ஏதாவது ஒரு எண்ணை அழுத்தி வையுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடி, கால்குலேட்டரை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் எண்ணும் பின்னணியும் ஒன்றாகித் திரை முழுக்கக் கறுத்துவிடும். கையை அப்படியே அசைக்காமல், தலையையும் திருப்பாமல் மறு கண்ணால் பாருங்கள். அதற்கும் அதே கோணத்தில் கறுக்க வேண்டும். எந்தக் கோணத்திலும் கறுக்கவில்லை என்றால் அது வெறும் சாயம் போட்ட லென்ஸ். செல்போனில் பார்க்காதீர்கள், சில போன் திரைகள் எப்படித் திருப்பினாலும் கறுக்காது.

கடைக்குத் திரும்பப் போய் அவர்கள் மேசை மேல் இருந்த கால்குலேட்டரையே வாங்கிக் காட்டினேன். கவுன்டரில் இருந்த தம்பி போட்டுப் பார்த்தான். இடது கண்ணுக்குக் கறுத்த இடத்தில் வலது கண்ணுக்கு எண் நன்றாகப் படிக்க முடிந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் முதலாளி முகத்தைப் பார்த்தான். முதலாளி கால்குலேட்டரைத் தொடவே இல்லை. அட்டையை எடுத்து நீட்டி, "படம் தெரியுதுல்ல சார், அப்புறம் என்ன? ஸ்டிக்கரைக் கிழிச்சாச்சு, மாத்த முடியாது" என்றார். பில்லில் 'கண்ணாடி 1' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கீழே, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அச்சு.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும், அதில் நடப்பதும் ஏமாற்றுத்தான். வெளியே மின்னும் நீலமும் பச்சையும் வெறும் பூச்சு. கண் பார்ப்பது உள்ளே இருக்கும் லென்ஸின் நிறத்தை. கண்ணாடியை ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்து, கண் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தெரிந்துவிடும். என் நீல மிரருக்கு உள்ளே அடர் சாம்பல். ராமேஸ்வரம் பக்கம் படகில் ஆழத்துக்குப் போய் உச்சி வெயிலில் வஞ்சிரத்துக்குத் தூண்டில் இழுப்பவருக்குச் சாம்பல் நல்லது, நிறங்கள் மாறாமல் வெளிச்சம் மட்டும் குறையும். கழிமுகம், ஏரி, ஆற்று ஓரம் என்றால் செம்பு நிறம் அல்லது பழுப்பு. அது நீல வெளிச்சத்தை வெட்டுவதால் மணலுக்கும் பாசிக்கும் மீன் முதுகுக்கும் வித்தியாசம் எடுப்பாகத் தெரியும். விடியல், அந்தி, மழை மேகம் என்றால் வெளிர் மஞ்சள் அல்லது வெளிர் ஆம்பர். நான் சொன்ன விவரத்துக்குச் செம்போ வெளிர் ஆம்பரோ எடுத்துத் தந்திருக்க வேண்டும். தேங்கிக் கிடந்ததைத் தள்ளிவிட்டார்கள்.

கண்ணாடிக் காதின் உட்புறத்தில் வகை எண் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 3 என்றால் 8 முதல் 18 சதவீதம் வெளிச்சம் உள்ளே வரும், பகலுக்குப் போதும். 4 என்றால் 3 முதல் 8 சதவீதம்தான். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. ஈசிஆரில் பைக்கில் திரும்புகிறவர்கள் கட்டாயம் கவனியுங்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது, அதே சரக்கில் வேறொன்று மாற்றித் தருகிறோம் என்று. போய்ப் பிரித்துப் பார்த்தால் அதில் இடது கண் சாய்ந்திருந்தது. வேண்டாம், பணம் வேண்டும் என்றேன். பாதி தருகிறேன் என்கிறார். கோளாறான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திரும்ப வாங்கிப் பணம் தருவதற்குப் பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. 5 லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது. முழுப் பணமும் கேட்டு எழுத்தில் அனுப்பிவிட்டேன். பதில் வராவிட்டால் ஆணையத்துக்குப் போகிறேன்.

சமீபத்தில் நீல மிரர் கண்ணாடி வாங்கியவர்கள் இன்றே கால்குலேட்டரை எடுத்துப் பாருங்கள். பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள், 30 நாள் ஓடிவிடுவதற்குள் கடைக்காரருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.