ரெட்டைப் பிள்ளைகள் வரப்போகிறார்களா? ஆஸ்பத்திரி முதல் அணையாடை வரை ஓர் ஒப்பீடு

பன்னிரண்டாவது வார ஸ்கேனில் டாக்டர் திரையை என் பக்கம் திருப்பி, "ரெண்டு பேர் இருக்காங்கம்மா" என்றார். அன்று ராத்திரியே வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பித்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரி, யார் வீடு, துணியா டயப்பரா, தூளியா தொட்டிலா? ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாமே ஒற்றைப் பிள்ளை பெற்றவர்களின் யோசனை. ஒன்று என் கையில் இருக்கும்போது இன்னொன்று அழுதால் யார் தூக்குவது? இதை வைத்துத்தான் நான் ஒவ்வொன்றையும் எடை போட்டேன். பிள்ளைகளுக்கு இப்போது எட்டு மாதம்.

முதலில் ஆஸ்பத்திரி. குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனையிலேயே ஒரு சின்ன நர்சிங் ஹோம் உண்டு. நாத்தனாருக்கு அங்கேதான் பிரசவம். டாக்டரம்மா தங்கமானவர். ஆனால் அங்கே என்.ஐ.சி.யு., அதாவது பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, கிடையாது. ரெட்டைப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் 37 வாரம் முடிவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். அப்படிப் பிறந்து மூச்சுக்குத் திணறினால், பிள்ளைகள் ஆம்புலன்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தையல் போட்ட வயிற்றோடு அம்மா இங்கே, பால் குடிக்க வேண்டியவர்கள் அங்கே. பக்கத்தில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் ஒரு உதவியும் செய்யாது. "இங்க வேண்டாம்மா, குழந்தைங்க வார்டு இருக்கிற இடமா பாருங்க" என்று அந்த டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தவை இரண்டு: பெரிய தனியார் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை. எழும்பூர் 1844-இல் தொடங்கியது. சிக்கலான பிரசவங்களை மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்து அங்கேதான் அனுப்புகிறார்கள். அதனால் ரெட்டைப் பிள்ளை அங்கே இருப்பவர்களுக்குப் புதிதே இல்லை. பில் இல்லை. குழந்தைகள் நல மருத்துவமனையும் எழும்பூரிலேயே இருக்கிறது. என் சித்தி மகளுக்கு அங்கேதான் ரெட்டைப் பிள்ளைகள் பிறந்தன. கூட்டம் அதிகம், கூட ஒருவர்தான் இருக்க முடியும், வீட்டு ஆண்கள் வெளியே பாய் விரித்துக் கிடந்தார்கள். ஆனால் வைத்தியத்தில் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை.

தனியாரில் அறை கிடைக்கும், கணவர் கூடவே இருக்கலாம். ஆனால் என்.ஐ.சி.யு.வுக்கு ரெண்டு பேருக்கும் தனித்தனி பில், அதுவும் நாள் கணக்கில். என் கணவரின் ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருந்ததால் நாங்கள் தனியாருக்குப் போனோம். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்ற நிலை இருந்திருந்தால், யோசிக்காமல் எழும்பூருக்குப் போயிருப்பேன். தனியாருக்குப் போகிறவர்கள் மூன்று கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் ரெண்டு பிள்ளைகளுக்கும் என்.ஐ.சி.யு.வில் இடம் கிடைக்குமா? ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? அது இன்ஷூரன்ஸின் பிரசவத் தொகைக்குள் வருமா, தனியா? அப்புறம், எங்கே பிரசவம் பார்த்தாலும் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தால் தரும் எண்) வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது கேட்பார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. ரெண்டு பேருக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, தனித்தனியா? 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் இது தெளிவாகத் தெரியும். ரிப்போர்ட்டில் எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். தனித்தனி என்றால் பெரும்பாலும் மாதம் ஒரு ஸ்கேன் போதும், 37 வாரம் வரை காத்திருப்பார்கள். எங்களுக்கு நஞ்சுக்கொடி ஒன்றுதான். ஒரே கொடி என்றால் ஒரு பிள்ளைக்கு ரத்தம் அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போகிற ஆபத்து உண்டு. அதனால் 16-வது வாரத்திலிருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன், பிரசவமும் 36 வாரத்தையொட்டி. என் பிள்ளைகள் 35 வாரத்திலேயே வந்துவிட்டார்கள். ஒருவன் 2.1 கிலோ, இன்னொருவன் 1.8. சின்னவன் ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அந்த ஒன்பது நாளும் ரெண்டு மாடி ஏறி அவனுக்குப் பால் கொடுக்க என்னால் முடிந்தது. ஆஸ்பத்திரியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோம் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

அடுத்தது அம்மா வீடா, நம் வீடா. வளைகாப்பு முடிந்ததும் மாயவரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. அங்கே வீடு பெரிது, ஆள் பலம் உண்டு, பத்தியச் சாப்பாடு நேரத்துக்கு வரும். ஆனால் கடைசி மாதங்களில் அத்தனை தூரப் பயணம், புது டாக்டர், அதுவரை எடுத்த ஸ்கேன் வரலாறு எல்லாம் இங்கே. நான் போகவில்லை, அம்மாதான் இங்கே வந்தார். வளைகாப்பையும் ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளாமல் ஏழிலேயே வைத்தோம். ஒன்பதுக்காகக் காத்திருந்தால் வளையல் போடும் முன்னே பிள்ளைகள் வந்திருப்பார்கள். ஒரே வீட்டில் அம்மாவும் அத்தையும் இருப்பது எப்படி என்று பயந்தேன். ராத்திரி பத்திலிருந்து ரெண்டு வரை அத்தை, ரெண்டிலிருந்து காலை வரை அம்மா என்று பிரித்துக்கொண்டார்கள். ரெண்டு ஜோடி கை இல்லாமல் பிள்ளைகள் பிறந்த முதல் மூன்று மாதத்தை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. சொந்தத்தில் ஆள் இல்லாதவர்கள் பகல் ஆயாவை விட ராத்திரி ஆயாவுக்குச் செலவு செய்யுங்கள்.

பிறக்கும் முன் எதுவும் வாங்கக் கூடாது என்பார் அத்தை. ஏழாம் மாதத்திலேயே பை தயாராக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ரெட்டையர் விஷயத்தில் டாக்டர் பக்கம்தான் நான். அத்தை மனமும் நோகாமல், பழைய வேட்டிகளை எடுத்துக் கொதிக்க வைத்து அலசி, சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்தோம். புதிதாக வாங்கியதெல்லாம் நாத்தனார் வீட்டு அலமாரியில் இருந்தது.

துணியா டயப்பரா? பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை நனைக்கும். ரெண்டு பேருக்கு இருபது. துணிக்குச் செலவில்லை. ஆனால் எங்களுக்கு நவம்பர் மாதம். நாலு நாள் விடாத மழையில் கொடி முழுக்க ஈரம். ராத்திரி பதினொரு மணிக்கு என் கணவர் ஒவ்வொரு துணியாக இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக் காயவைப்பார். அறை முழுக்க சூடான ஈர வாசனை. மூன்றாம் நாள் அவர் கண் செருகுவதைப் பார்த்து முடிவு செய்தேன்: பகலில் துணி, ராத்திரியில் டயப்பர். கோடையில் பிறப்பவர்களுக்குத் துணியே போதும், வீட்டில் தண்ணீர் தடையில்லாமல் வந்தால்.

தூளி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குறைமாதப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. தூளிக்குள் தலை மடிந்தால் மூச்சு முட்டும். சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்க, ஆளுக்கொரு இடமாகப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு.

பால் கொடுப்பதில், தனித்தனியாகக் கொடுத்தால் ஒவ்வொருவனையும் நன்றாகக் கவனிக்கலாம், ஆனால் நாள் முழுக்க அதுதான் வேலை. சேர்த்துக் கொடுத்தால் நேரம் பாதி. முதல் மூன்று வாரம் தனித்தனியாகக் கொடுத்தேன். இருவரும் ஒழுங்காகச் சப்பிக் குடிக்கப் பழகிய பிறகு ரெண்டு பக்கமும் தலையணை வைத்து, அக்குளுக்குக் கீழே ஆளுக்கொரு பக்கமாக அணைத்துச் சேர்த்துக் கொடுத்தேன். யார் எப்போது குடித்தான் என்பதை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு. அரைத்தூக்கத்தில் ஆள் மாறிவிடக் கூடாது என்று அம்மா திருஷ்டிப் பொட்டை மூத்தவனுக்கு இடது கன்னத்திலும் சின்னவனுக்கு வலது கன்னத்திலும் வைப்பார். நோட்டிலும் பெயர் கிடையாது. "2.40, வலது, கால் மணி நேரம். 3.05, இடது, தூங்கிட்டான்" என்றுதான் இருக்கும்.