மேட்டில் இழுவை குறையும் பழைய கார்: சோதனைக் கருவிகளின் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் சத்தமில்லாமல் ஓடும். சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குறையும் தெரியாது. மேடு வந்ததும் மூன்றாம் கியரில் திணறும், இரண்டாம் கியருக்கு இறக்கினால்தான் ஏறும். பழைய பெட்ரோல் கார்களில் இது அடிக்கடி வரும் புகார். அடிக்கடி தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். பிளக் மாற்று, ஃபில்டர் மாற்று, பம்ப்பை மாற்று என்று வரிசையாகப் பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் சரியாகிவிடும். எதனால் சரியானது என்பது மட்டும் தெரியாது.

இங்கே பேசப்போவது பல வருடங்கள் கையில் வைத்துப் புழங்கிய சில கருவிகளைப் பற்றி: ஓபிடி அடாப்டர், பெட்ரோல் பிரஷர் கேஜ், வேக்குவம் கேஜ், மல்டிமீட்டர், துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். எது எவ்வளவு துல்லியம் என்பதை விட, வண்டி சுமையோடு ஏறும்போது எது உண்மையைச் சொல்கிறது என்பதே அளவுகோல்.

ஏன் மேட்டில் மட்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1300 கிலோ எடையுள்ள கார், சமதளத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட ஏறக்குறைய 5 குதிரைத்திறன் போதும். அதே வேகத்தில் 8 சதவீத ஏற்றத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டும் கூடுதலாக 19 குதிரைத்திறன் வேண்டும். மொத்தம் 24, சமதளத்தில் கேட்டதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்த்தால் இந்தச் சுமை எஞ்சினுக்கு வரவே வராது. அதனால்தான் ஷெட்டில் வண்டி நல்லபிள்ளையாக இருக்கிறது.

கருவியை மாட்டுவதற்கு முன் திணறல் எப்படி வருகிறது என்று கவனிக்க வேண்டும். வெட்டி வெட்டி, உதறலோடு வந்தால் இக்னிஷனைச் சந்தேகிக்கலாம். ஏற ஆரம்பித்துச் சில நொடிகள் நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு மெல்ல அடங்கி, காலை எடுத்துக் கொஞ்சம் பொறுத்தால் மறுபடி இழுத்தால், பெட்ரோல் போதவில்லை. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் வரை வந்து அதற்கு மேல் போகவே மாட்டேன் என்று நின்றால் சைலன்சர் பக்கம் அடைப்பு இருக்கலாம். அரை மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் வருகிறது, டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிறது என்றால் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

ஓபிடி அடாப்டர்

காரின் சோதனை சாக்கெட்டில் (ஓபிடி) மாட்டி, ப்ளூடூத்தில் போனோடு பேசும் சின்ன அடாப்டர். எரர் கோடு படிப்பதற்கு என்றுதான் பலர் வாங்குகிறார்கள். மேட்டுத் திணறலில் பெரும்பாலும் கோடே விழாது. இதன் உண்மையான பயன் ஓடும்போது பதிவெடுப்பதில் இருக்கிறது. பழைய கார்களில் கே-லைன் என்ற ஒற்றை வயர் வழியாகப் பேசுவதால் வேகம் மிகக் குறைவு, நொடிக்கு ஒரு சில அளவுகள்தான் வரும். எனவே பத்து அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் எதுவும் உருப்படியாகப் பதிவாகாது. ஆர்பிஎம், முன் ஆக்சிஜன் சென்சார் வோல்ட், மேனிஃபோல்டு பிரஷர் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தம்) அல்லது ஏர் ஃப்ளோ (உள்ளே போகும் காற்றின் அளவு), இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்ததும் ஆக்சிஜன் சென்சார் 0.8 முதல் 0.9 வோல்ட்டில் போய் நிற்க வேண்டும். 0.2-க்கு இறங்கினால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. 0.9-லேயே நின்றும் இழுவை இல்லை என்றால் பெட்ரோல் பக்கம் தேடுவது வீண். இந்த ஒரு பதிவே வேலையைப் பாதியாக்கிவிடும். ஆனால் ஒரு பொறி உண்டு: மிஸ்ஃபயர் ஆகும், அதாவது கலவை எரியாமல் போகும் சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் வெளியே வருவதால், சென்சார் அதையும் பெட்ரோல் பற்றாக்குறை போலவே காட்டும். உதறல் இருந்தால் முதலில் பிளக்கைத் தீர்த்துவிட்டுப் பிறகு இந்த அளவை நம்பலாம்.

ஃபியூவல் ட்ரிம் எண்களையும் (சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பார்க்கலாம், ஆனால் சமதளத்தில். முழு மிதியில் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சென்சாரைக் கேட்காமல் தன் கணக்கில் ஓடும், அப்போது குறுகிய கால ட்ரிம் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஐடிலில் (மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது) ட்ரிம் கூட்டல் 15 ஆக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. ஐடிலில் சரியாக இருந்து சுமை ஏற ஏற எண்ணும் ஏறினால் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கடைந்த ஏர் ஃப்ளோ சென்சார். அந்தச் சென்சார் கம்பியை அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவ வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் அடித்தால் சென்சார் போய்விடும்.

எதிர்பாராத ஒரு பயன் கிளட்ச். ஒரே கியரில் ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே கூடாது. சமதளத்தில் மூன்றாம் கியரில் 50 கிலோமீட்டருக்கு 2500 ஆர்பிஎம் என்றால், மேட்டிலும் அதேதான். அங்கே 2900 காட்டினால் எஞ்சின் குற்றமற்றது, கிளட்ச் பிளேட் வழுக்குகிறது.

குறைகள்: மலிவான அடாப்டர்கள் சில பழைய புரோட்டோகால்களில் இணையவே இணையாது. இணைந்தாலும் பாதி வழியில் துண்டித்துக்கொள்ளும். சாக்கெட்டிலேயே விட்டுவைத்தால் நாலைந்து நாள் நிற்கும் வண்டியின் பேட்டரியை, அதுவும் பழைய பேட்டரியை, இறக்கிவிடும்.

பெட்ரோல் பிரஷர் கேஜ்

இந்தப் புகாருக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்கலாம். 0 முதல் 7 பார் வரை காட்டும், கிளிசரின் நிரப்பிய கேஜ் போதும். கிளிசரின் இல்லாததில் முள் நடுங்கிக்கொண்டே இருக்கும், ஓடும் வண்டியில் படிக்க முடியாது.

மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் உள்ள இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 3 பார் அளவு வரும், மாட்டினால் ஐடிலில் 2.5 அளவுக்கு இறங்கும். ரெகுலேட்டர் டேங்குக்குள் இருக்கும் வண்டிகளில் 3.5 முதல் 4 பார் வரை ஒரே அளவாக நிற்கும். கார்புரேட்டர் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் 0.2 முதல் 0.4 பார்தான் தரும், அதற்கு இந்தக் கேஜ் ஒத்துவராது. உங்கள் வண்டியின் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

நிற்கும்போது சரியாகக் காட்டினால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. ஐடிலில் எஞ்சின் குடிப்பது சொட்டுச் சொட்டாக. பாதி அடைத்த ஃபில்டர் வழியாகவும் அவ்வளவு வந்துவிடும். கேஜை நீண்ட ஹோஸில் மாட்டி, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியின் மேல் டேப் போட்டு ஒட்டி, மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஓடும் ஹோஸை எக்காரணம் கொண்டும் காருக்குள் கொண்டுவரக் கூடாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகிலும் அது போகக் கூடாது.

காட்சி இப்படி இருக்கும்: இரண்டாம் கியரில் முள் 3-ல் நிற்கிறது. மூன்றாம் கியர், முழு மிதி, 3000 ஆர்பிஎம். ஐந்தாறு நொடிக்கு அசைவில்லை. பிறகு 2.8, 2.5, 2.2 என்று சோம்பலாக இறங்குகிறது, அதே நேரத்தில் இழுவையும் அடங்குகிறது. காலை எடுத்ததும் முள் மேலே வந்துவிடுகிறது. இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே 3 பார் 2.2 ஆனால் பெட்ரோல் ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்துவிடும். மேட்டில் திணற அது தாராளம்.

முள் இறங்கியதும் பம்ப்பை வாங்க ஓட வேண்டாம். முதலில் ஃபில்டர். அடுத்து பம்ப்புக்குப் போகும் மின்சாரம், அதற்குத்தான் மல்டிமீட்டர். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தால் பம்ப் கனெக்டரில் 13.3-க்குக் குறையக் கூடாது. 11.5 வந்தால் ரிலே முனை கருகியிருக்கலாம், கனெக்டர் பின் பச்சை பிடித்திருக்கலாம், எர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம். எர்த் பக்க இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தும் பிரஷர் இறங்கினால், அப்போது பம்ப் அல்லது டேங்குக்குள் இருக்கும் வலை. ரிட்டர்ன் ஹோஸை அளவுக்குடுவையில் விட்டு 30 நொடி பம்ப்பை மட்டும் ஓட்டினால் பல வண்டிகளில் அரை லிட்டருக்குக் குறையாமல் வரும். எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த இடத்தில், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு செய்யும் வேலை இது.

கேஜ் நீடித்து உழைக்கும், அதன் ரப்பர் உழைக்காது. எத்தனால் கலந்த பெட்ரோலில் அடாப்டரின் ஓ-ரிங்குகள் விறைத்துக் கசிய ஆரம்பிக்கும். ஃப்ளூரோகார்பன் ரப்பர் ஓ-ரிங் மாற்றிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறை கழற்றும் முன்பும் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டால் முகத்தில் பீய்ச்சாது.

வேக்குவம் கேஜ்

பேட்டரி இல்லை, ஆப் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளப்பது இதன் வேலை. இன்றைக்கும் அடைபட்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (சைலன்சருக்கு முன் புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) கண்டுபிடிக்க வேகமான வழி இதுதான். கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். 300 மீட்டர் உயரத்துக்கு ஓர் அங்குலம் என்று கழித்துக்கொள்ளலாம்.

2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் முள் ஐடில் அளவுக்கோ அதற்குச் சற்று மேலோ வந்து நிற்க வேண்டும். கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் முதலில் 19 காட்டும், ஒரு நிமிடத்துக்குள் 16, 14, 12 என்று வழுக்கும். சட்டென்று மிதித்து விட்டால் நல்ல எஞ்சினில் முள் பூஜ்யத்துக்கு விழுந்து, 23-ஐத் தாண்டி எகிறி, பிறகு அடங்கும். அடைப்பிருந்தால் அந்த எகிறல் இல்லாமல் மெதுவாக ஊர்ந்து வரும். உறுதிப்படுத்த, முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டலாம்: ஐடிலில் 0.1 பாருக்குள், 2500 ஆர்பிஎம்மில் 0.2 பாருக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. மிஸ்ஃபயரில் எரியாமல் போன பெட்ரோல் உள்ளே எரிந்து, தேன்கூடு போன்ற அதன் உட்பகுதியை உருக்குகிறது. பிளக், காயிலைச் சரிசெய்யாமல் புதிதை மாட்டினால் அதுவும் உருகும்.

இந்தக் கேஜில் ஓடுவது காற்றுதான் என்பதால் ஹோஸைக் காருக்குள் கொண்டுவரலாம். மேட்டில் முழு மிதியில் 0 அல்லது 1 அங்குலம்தான் காட்ட வேண்டும். 5 அங்குலம் நின்றால் காற்று உள்ளே வர வழியில்லை. ஏர் ஃபில்டர் இல்லாமல் சில நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் ஒருவரை மிதிக்கச் சொல்லி த்ராட்டில் பட்டாம்பூச்சி வால்வு முழுதாகத் திறக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். தளர்ந்த ஆக்சிலரேட்டர் கேபிளும் மிதிக்குக் கீழே மடிந்த தரைவிரிப்பும் பல புதிய பம்ப்புகளை விற்றுக் கொடுத்திருக்கின்றன.

ஐடிலில் 14-லோ 15-லோ முள் அசையாமல் நின்றால் இக்னிஷன் டைமிங் பிந்தியிருக்கிறது, அல்லது டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளியிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் வண்டிகளில் வேக்குவம் அட்வான்ஸ் டயாஃப்ரம் (வெற்றிடத்தால் பொறியை முந்தவைக்கும் சவ்வு) கிழிந்ததைப் பலர் பழிப்பார்கள். முழு மிதியில் வேக்குவமே இல்லாததால் அது அங்கே வேலை செய்வதே இல்லை. மேட்டுக்கு முக்கியம், ஆர்பிஎம் ஏற ஏறப் பொறியை முந்தவைக்கும் சென்ட்ரிஃபியூகல் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா என்பது.

வெப்பமானி, பிளக், மீதி

இன்ஃப்ராரெட் துப்பாக்கி இந்த வரிசையில் பலவீனமானது. பளபளப்பான உலோகத்தில் தப்பாகப் படிக்கும். கன்வெர்ட்டரின் முன்பின் வெப்பத்தை வைத்து அடைப்பைச் சொல்லலாம் என்பதை நம்ப வேண்டாம். வண்டியைப் பிடித்து இழுக்கும் பிரேக் இறுக்கத்தைக் கண்டுபிடிக்க மட்டும் நல்லது: பிரேக் அதிகம் தொடாமல் 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒரே அச்சின் இடது வலது டிஸ்க்குகளைப் பார்த்தால், 40 டிகிரி அதிகம் சூடான பக்கம் காலிப்பர் பிடித்திருக்கிறது.

இக்னிஷனுக்குத் தனிக் கருவி தேவையில்லை, பிளக் முனைகளின் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகள் போதும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். 1.1 மிமீ இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்து 1.4 ஆனால் சமதளத்தில் தாண்டும், மேட்டில் தாண்டாது. சோதனைக்காக 0.8-க்குக் குறைத்து ஓட்டிப் பார்த்து உதறல் நின்றால் காயிலோ பிளக் வயரோ பலமிழந்திருக்கிறது. பீங்கானில் பென்சில் கோடு போட்டது மாதிரி கருப்பு வரி தெரிந்தால் பிளக்கையும் ரப்பர் பூட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் அது மற்றதையும் கெடுக்கும்.

மலைப்பாதை என்றால் ஒரு கழிவு கொடுக்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் திறன் இழக்கும். 2000 மீட்டரில் முழு மிதியில் மேனிஃபோல்டு பிரஷர் 80 கிலோபாஸ்கல் காட்டினால் கோளாறு இல்லை. சாவி போட்டு ஸ்டார்ட் செய்யாமல் வரும் எண்ணோடு அதை ஒப்பிட்டால் தெளிவாகிவிடும்.

எல்லாம் சரியாக வந்த பிறகுதான், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ். எஞ்சின் சூடாக, பிளக்குகள் எல்லாம் கழற்றி, த்ராட்டில் முழுதாகத் திறந்து, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, சிலிண்டருக்கு ஐந்தாறு சுற்று. 10 முதல் 13 பார் வரை, தங்களுக்குள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் 5 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். நான்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றும் முன் டைமிங் பெல்ட் கவரைத் திறந்து குறிகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள்.