புதியவருக்குப் பொதிச் சோதனை கற்பித்தல்: ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பங்களிக்க விரும்பிப் புதிதாக வருபவர்களுக்கு, சில ஆண்டுகளாக நான் முதல் வேலையாகக் கொடுத்துவருவது சோதனையே இல்லாத ஒரு பொதிக்கு (நிறுவத் தயாரான வடிவில் தரப்படும் மென்பொருளுக்கு) ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் என்ற கருவி ஓட்டும் சோதனையை எழுதும் பணியைத்தான். 2006-இல் உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கப்பட்டு, இன்று டெபியனின் தர உறுதிப்பாட்டில் நிலைபெற்றுவிட்ட இக்கருவியைப் பற்றிப் பராமரிப்பாளர்களின் பார்வையில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பதற்கான கருவியாக அது எப்படி உழைக்கிறது என்பதே இங்கு என் அக்கறை.

பொதியைக் கட்டும் நேரத்தில் ஓடும் யூனிட் டெஸ்ட்கள், அதாவது நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே பார்க்கும் சோதனைகள், மூல நிரலைத்தான் சோதிக்கின்றன. ஆட்டோபேக்கேஜ்டெஸ்டோ பொதியை ஒரு தூய சூழலில் நிறுவி, பயனரின் கைக்குப் போய்ச் சேரும் அதே வடிவில் அது இயங்குகிறதா என்று பார்க்கிறது. பொதியில் சேராமல் விடுபட்ட தரவுக்கோப்பு, சார்புப் பட்டியலில் (பொதி இயங்கத் தேவையான பிற பொதிகளின் பட்டியலில்) எழுத மறந்த ஒரு நூலகம் போன்றவை கட்டும் கணினியில் எப்படியோ இருந்துவிடுவதால், அவை யூனிட் டெஸ்டில் பெரும்பாலும் சிக்குவதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லி விளக்குவதைவிட, விடுபட்ட ஒரு கோப்பைப் புதியவரே ஒருமுறை கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுவது நல்லது. அதன் பிறகு அதை அவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருப்பதில்லை.

நுழைவது எளிது என்பதை மறுக்க முடியாது. டெபியன் கோப்புறைக்குள் டெஸ்ட்ஸ் என்றோர் உட்கோப்புறை, அதில் கன்ட்ரோல் என்ற சிறு கோப்பு, ஒரு ஷெல் நிரல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு), அவ்வளவுதான். சார்புகளுக்கான வரியில் '@' குறியை மட்டும் இட்டால், அந்த மூலத்திலிருந்து உருவாகும் பொதிகள் அனைத்தும் நிறுவப்பட்டுவிடும். ஆர்வமுள்ள ஒருவர் ஒரே அமர்வில் முதல் 'பாஸ்' முடிவைப் பார்த்துவிடலாம். கருவியின் கவர்ச்சியும் அபாயமும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன, ஏனெனில் அந்த முதல் 'பாஸ்' பெரும்பாலும் எதையும் நிரூபிப்பதில்லை.

அண்மையில் நான் வழிகாட்டிய ஒருவர், மரபணு வரிசைக் கோப்புகளை வடிகட்டும் ஒரு கட்டளைவரி நிரலை எடுத்துக்கொண்டார். அவருடைய முதல் சோதனை, நிரலை 'வெர்ஷன்' விருப்பத்துடன் ஓட்டி, அது பிழையின்றி முடிந்ததா என்று மட்டுமே பார்த்தது. இத்தகைய சோதனைக்கு 'சூப்பர்ஃபிஷியல்' என்ற அடையாளத்தை நேர்மையாக இட வேண்டும் என்று விதிமுறை சொல்வதால், அவரை அதை இடச் சொல்லிவிட்டு, "இந்த நிரல் ஒரு வெற்றுக்கோப்பை எழுதிவிட்டு அமைதியாக முடிந்தால் உங்கள் சோதனை என்ன சொல்லும்?" என்று கேட்டேன். மறுநாள் வந்த இரண்டாம் வடிவத்தில் மாதிரித் தரவு இருந்தது, எதிர்பார்க்கும் வெளியீடு இருந்தது, நிரலின் வெளியீட்டைப் பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் இணைப்பு) கிரெப் என்ற தேடல் கட்டளைக்கு அனுப்பி ஒரு தலைப்பு வரியைத் தேடும் பகுதியும் இருந்தது. பார்வைக்கு நிறைவாகத் தெரிந்த அந்த வரியில்தான் ஓட்டை இருந்தது: பைப்பின் கடைசிக் கட்டளை வெற்றி பெற்றால் முழு வரியும் வெற்றி என்றே ஷெல் எடுத்துக்கொள்வதால், நிரல் தலைப்பு வரியை எழுதிவிட்டுப் பாதியில் நொறுங்கி விழுந்தாலும் சோதனை தேறிவிடும். இதைத் தவிர்க்க, பேஷ் என்ற ஷெல்லில், பைப்பின் எந்தக் கட்டளை தோற்றாலும் முழு வரியும் தோல்வி என்று கொள்ளும் 'பைப்ஃபெயில்' விருப்பத்தை இடலாம். வெளியீட்டை முதலில் ஒரு கோப்பில் எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடலாம். புதியவர்களுக்கு இரண்டாவது வழியையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் சோதனை தோற்றால் எடுத்துப் பார்க்க ஒரு கோப்பாவது மிஞ்சும்.

ஆனால் அந்த ஓட்டையை நானே சுட்டிக்காட்டவில்லை. சோதனைக் கொள்கலனுக்குள் (கணினிக்குள் தனிமைப்படுத்திய சூழலுக்குள்) நிறுவப்பட்ட நிரலை அகற்றிவிட்டு, அதன் இடத்தில் அதே தலைப்பு வரியை அச்சிட்டுப் பிழைக்குறியீட்டுடன் வெளியேறும் இரண்டு வரி ஷெல் நிரலை வைத்து, தன் சோதனையை அங்கேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பொய் நிரலைப் பார்த்தும் சோதனை 'பாஸ்' என்றது. என்னிடம் கற்றுக்கொள்ள வரும் ஒவ்வொருவரையும் தங்கள் சோதனையைக் குறைந்தது ஒருமுறை இப்படித் தோற்கடிக்கச் சொல்கிறேன். தோற்றதைக் கண்ணால் பார்க்காத சோதனையை நான் இணைத்துக்கொள்வதில்லை. இதற்குக் கருவியும் ஒத்துழைக்கிறது: 'ஷெல்-ஃபெயில்' விருப்பத்துடன் ஓட்டினால், சோதனை தோற்ற அதே நிலையில், அதே சூழலுக்குள் ஒரு முனையத்தைத் திறந்து தருகிறது. ஒருவருக்கு இருந்த இடத்திலிருந்தே பிழைதேடக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வசதியை நான் பார்த்ததில்லை.

முதல் வாரங்களில் எல்லோரும் இடறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். பிழைவழியில், அதாவது பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டு வழியான ஸ்டாண்டர்ட் எர்ரரில், ஓர் எழுத்து வந்தாலும் இயல்புநிலையில் சோதனை தோல்வியாகக் கொள்ளப்படும். முன்னேற்றச் செய்திகளைப் பிழைவழியில் எழுதும் நிரல்கள் ஏராளம் என்பதால், 'அலவ்-எஸ்டிடிஎர்ரர்' என்ற தளர்வைப் புதியவர்கள் உடனே சேர்த்துவிடுகிறார்கள். தொல்லை தரும் அந்த ஒரு கட்டளையின் பிழைவழியை மட்டும் 2>&1 என்று இயல்பான வெளியீட்டுக்குத் திருப்பிவிடுங்கள் என்பதே என் அறிவுரை, ஏனென்றால் நாளை ஒரு நூலகம் வெளியிடப்போகும் எச்சரிக்கையை முழுத் தளர்வு விழுங்கிவிடும். அடுத்தது, ஆவணக் கோப்புறையில் வைக்கப்படும் மாதிரித் தரவு: 4 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளை பொதியைக் கட்டும்போது ஓடும் டிஎச்-கம்ப்ரெஸ் என்ற கருவி ஜிஜிப் வடிவில் சுருக்கிப் பெயரையும் மாற்றிவிடுவதால், "கோப்பு இல்லை" என்ற பிழையைப் பார்த்துப் பலர் திகைத்துப்போகிறார்கள். மூன்றாவது பைத்தான் பொதிகளுக்கே உரிய, சற்று நுட்பமான சிக்கல். மூலக் கோப்புறையில் நின்றபடி சோதனையை ஓட்டினால், பைத்தான் நிறுவப்பட்ட பிரதியை விட்டுவிட்டு எதிரிலிருக்கும் மூலப் பிரதியை இறக்குமதி செய்துகொள்ளக்கூடும். அப்போது இந்தக் கருவியைப் பயன்படுத்தியதன் நோக்கமே அடிபட்டுப்போகிறது. சோதனைக் கோப்புகளைக் கருவி தரும் தற்காலிகக் கோப்புறைக்கு நகலெடுத்து, அங்கே போய் ஓட்டுவதே பாதுகாப்பு.

புதியவரின் மனப்போக்கை உண்மையில் மாற்றுவது இதற்கெல்லாம் அப்பால் உள்ள ஒன்று. 2018 முதல், புதிய பொதிகள் முதலில் வரும் அன்ஸ்டேபிள் கிளையிலிருந்து, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங் கிளைக்குப் பொதிகளை நகர்த்தும் பிரிட்னி என்ற மென்பொருள் இந்தச் சோதனை முடிவுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சோதனை தேறினால், வழக்கமான 5 நாள் காத்திருப்பு குறைகிறது; முன்பு தேறிய சோதனை தோற்றால் நகர்வு நின்றுவிடுகிறது. நிற்பது உங்கள் பொதியாக மட்டும் இருப்பதில்லை: நீங்கள் சார்ந்திருக்கும் ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு வந்தவுடன் உங்கள் சோதனை அதனோடும் ஓட்டப்படுகிறது, தோற்றால் அந்த நூலகமே வாசலில் நிற்கிறது. தான் எழுதிய பத்து வரிகளால் முன்பின் தெரியாத ஒரு பராமரிப்பாளர் காத்திருக்கிறார் என்று அறியும்போது, ஒருநாள் தேறி மறுநாள் தோற்கும் சோதனை எவ்வளவு தீங்கானது என்பதைப் புதியவர் தானாகவே உணர்ந்துகொள்கிறார். தசம எண்களைக் கடைசி இலக்கம்வரை ஒப்பிட்ட ஒரு சோதனை, 64-பிட் செயலிகளுக்கான ஏஎம்டி64-இல் தேறி, 32-பிட் செயலிகளுக்கான ஐ386-இல் மட்டும் தோற்றது. எண்களைக் கையாளும் முறையில் அவ்விரண்டு கட்டமைப்புகளுக்கும் இடையே வேறுபாடு உண்டு. பைட் வரிசை தலைகீழாக இருக்கும் எஸ்390எக்ஸ் என்ற கட்டமைப்பு இன்னும் கண்டிப்பானது. அங்கே தோற்ற ஒரு சோதனை மூல நிரலிலேயே நெடுநாள் கிடந்த வழுவை வெளிக்கொண்டுவந்தது. அதற்கான அறிக்கையை மூல ஆசிரியர்களுக்குப் புதியவரே எழுதினார்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 'சூப்பர்ஃபிஷியல்', 'அலவ்-எஸ்டிடிஎர்ரர்' போன்ற கட்டுப்பாடுகளின் பட்டியல் ஆண்டுக்காண்டு நீண்டுவந்திருக்கிறது, அவற்றுள் எதை எப்போது இடுவது என்பதை ஆவணத்தை மட்டும் படித்து ஒருவர் பிடித்துக்கொள்வது கடினம். சார்புப் பொதிகளை நிறுவ முடியாதபோது வரும் 'பேட்பிகேஜி' என்ற ஒற்றைச் சொல், தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று புதியவரை நம்பவைத்துவிடுகிறது. காரணமோ பதிவின் நடுவில், பொதிகளை நிறுவும் கருவியான ஏப்ட்டின் நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் புதைந்து கிடக்கும். எந்தத் தனிமைப்படுத்தலும் இல்லாத 'நல்' முறையில் தன் கணினியில் தேறிய சோதனை, எல்எக்ஸ்சி கொள்கலனில் தோற்பதும் அடிக்கடி நடப்பதால், இப்போதெல்லாம் கொள்கலனை அமைத்து முடித்த பிறகே முதல் வரியை எழுதச் சொல்கிறேன். அந்த அமைப்பு வேலை சலிப்பானதுதான், அதற்கு மாற்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

பைத்தான், ரூபி, பெர்ல் போன்றவற்றுக்குத் தானாகவே சோதனையை உருவாக்கித் தரும் ஆட்டோடெப்8 பயனுள்ள கருவியே என்றாலும், கற்பவரின் கையில் அதை முதலில் கொடுப்பதில்லை. பைத்தானைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பைத்தான் கூறு (மாட்யூல்) இறக்குமதி ஆகிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடும். முதல் பொதியாக, மாதிரித் தரவைத் தன்னுடனேயே கொண்டுவரும் சிறிய கட்டளைவரி நிரலைத் தேர்ந்தெடுக்கிறேன். வெளியிலிருந்து தரவு எடுக்க வேண்டியிருந்தால், அதன் உரிமம் டெபியனின் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டதா என்று முதலிலேயே பார்க்கச் சொல்கிறேன். இரண்டாவதாக ஒரு நூலகம். பின்னணிச் சேவையைத் தொடங்கி நிறுத்த வேண்டிய பொதிகளும், வரைகலை இடைமுகம் உள்ளவையும் அதன் பிறகுதான். அவற்றுக்கு வழிகாட்டியே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கு நேரம் தேவைப்படுகிறது, அந்த நேரம் என்னிடம் இல்லாத மாதங்களில் நான் புதியவர் எவரையும் ஏற்பதில்லை.