உண்டியலுக்கு ஏற்ற வண்டி: 1968 மொறிஸ் மைனர் 1000

இங்கிலாந்தின் தென்மேற்கில், கோண்வோலின் லாண்ட்ஸ் எண்ட் முனையில் இருந்து ஸ்கொட்லாந்தின் வடகோடியில் உள்ள ஜோன் ஓ குரோட்ஸ் வரை வீதிவழித் தூரம் 874 மைல். நடந்தோ, சைக்கிள் மிதித்தோ, சில வேளைகளில் இவற்றைவிட வினோதமான வழிகளிலோ அந்தத் தூரத்தைக் கடந்து தர்ம நிறுவனங்களுக்குப் பணம் சேர்ப்பது பிரித்தானியாவில் நெடுநாள் வழக்கம். சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் நானும் என் மச்சானும் அதனை ஒரு பழைய மொறிஸ் மைனரில் ஐந்து நாட்களில் ஓடி முடித்தோம். சேர்ந்த பணம், மாமியைக் கடைசி ஆறு வாரங்களும் வைத்துப் பராமரித்த ஹொஸ்பிஸுக்கு, அதாவது குணமாக்க முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்துக்குப் போனது. இந்நாட்டில் பெரியவர்களுக்கான ஹொஸ்பிஸ்களின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் அரசு தருகிறது. மிகுதியைப் பழைய பொருட் கடைகளும், உயில் எழுதிவைப்பவர்களும், மரதன் ஓடுபவர்களும், எங்களைப் போன்ற கார்ப் பைத்தியங்களும் தேடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதே காரியத்துக்குக் கார் தேடுபவர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, மைனர் தாங்குமா என்பதுதான். தாங்கும். ஆனால் வெறும் வாகனமாக எடுத்துக்கொண்டால் அதற்கு நான் ஐந்துக்கு இரண்டு புள்ளிகளே கொடுப்பேன். 1098 சிசி எஞ்சின், 48 குதிரைவலு. மணிக்கு 50 மைலைத் தாண்டினால் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடியாது. முதலாம் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர்ப் பற்கள் உரசாமல் பொருந்த வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பு) கிடையாது என்பதால் வண்டி முற்றாக நின்ற பிறகே அதைப் போடவேண்டும்; அவசரப்பட்டால் பல்லை நறநறத்து மறுத்துவிடும். நான்கு சில்லுகளுக்கும் ட்ரம் பிறேக், காலுக்கு உதவ சேர்வோ இல்லை. வடக்கே ஏ9 வீதி கடலோரமாக விழுந்து எழும்பும் பெரிடேல் சரிவில், 13 சதவீத இறக்கத்தில், இரண்டாம் கியரில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கியபோது மச்சான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கீழே பாலத்தைக் கடந்ததும் கண்ணாடியை இறக்கி மோந்து பார்த்துவிட்டு, பிறேக் லைனிங் மணக்கிறது என்று மட்டும் சொன்னார்.

எங்களை உண்மையில் மறித்துப் போட்டது பெற்றோல் பம்ப். மூன்றாம் நாள் காலை, கம்பிரியாவின் ஷாப் மேட்டில் ஏ6 வழியாக ஏறிக்கொண்டிருந்தபோது எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. மைனரில் இருக்கும் எஸ்யூ பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று வேகமாகத் தொடங்கி, காபரேற்றர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். அன்றைக்கு அந்தச் சத்தமே வரவில்லை. பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் தகட்டில் பொருத்தியிருக்கும் அந்தப் பம்பை ஸ்க்ரூட்ரைவர் பிடியால் நான்கு தட்டுத் தட்டினேன். டிக் டிக் என்று மறுபடியும் தொடங்கியது. உள்ளே இருக்கும் தொடுமுனைகள் தேய்ந்து ஒட்டிக்கொள்வதால் வரும் கோளாறு இது. காரை எங்களுக்கு விற்ற வியாபாரி, பம்ப் புதிது என்று எழுத்திலேயே தந்திருந்தார். புதிதாக இருந்தது அதன் மேல் அடித்திருந்த கறுப்புப் பெயின்ற் மாத்திரமே. ஜோன் ஓ குரோட்ஸ் போய்ச் சேருமுன் இன்னும் மூன்று தடவை தட்டவேண்டி வந்தது. அடுத்த முறை போவதாக இருந்தால் ஒரு பம்பை மேலதிகமாக டிக்கியில் போட்டுக்கொண்டுதான் போவேன்.

புறப்படுமுன் தவறாமல் செய்யவேண்டிய வேலை, முன்சில்லுகளைத் தாங்கும் ட்ரனியன் என்ற மூட்டுகளுக்குக் கிறீஸ் அடிப்பது. அவை தேய்ந்தால் ஒரு நாள் முன்சில்லு மடிந்து, கார் மூக்குக் குப்புற வீதியில் உட்கார்ந்துவிடும்; மைனருக்குப் பேர்போன வியாதி இது. 40 வயது தாண்டிய கார்களுக்கு வீதி வரியும் இல்லை, பெரிதாக மாற்றியமைக்கப்படாதவையென்றால் எம்ஓடி எனப்படும் வருடாந்த வாகனத் தகுதிப் பரிசோதனையும் கட்டாயமில்லை. அந்தச் சலுகையை நம்பி இவ்வளவு தூரம் புறப்படுவது மடத்தனம் என்பதால் காசு கொடுத்து எம்ஓடி செய்வித்தோம். பெற்றோல் இன்னொரு தலையிடி: 2021 செப்டெம்பரில் இருந்து சாதாரணமாகக் கிடைப்பது 10 சதவீதம் வரை எதனோல் கலந்த ஈ10, அது பழைய இறப்பர்க் குழாய்களை அரித்துவிடும். ஆகவே விலை கூடிய சூப்பர் வகையில் வரும் ஈ5 தான் அடிக்க வேண்டும், அதோடு முன்பு பெற்றோலில் கலந்திருந்த ஈயத்துக்குப் பதிலான திரவத்தையும் அளந்து ஊற்ற வேண்டும். தாங்கியும் ஆறரைக் கலன்தான் கொள்ளும்.

எனினும் தாங்கி சிறிதாக இருந்தது நல்லதாகவே முடிந்தது. ஒவ்வொரு பெற்றோல் நிலையத்திலும் ஐந்து நிமிட வேலை அரை மணித்தியாலமாக நீண்டது, அந்த அரை மணித்தியாலத்தில்தான் நாங்கள் நன்கொடைக்காக நீட்டிய வாளி நிரம்பியது. ஒரு மில்லியன் விற்பனையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் மைனர். 1960 டிசம்பரில் அது நடந்தது. எனவே அறுபது வயதைக் கடந்த எவரைக் கேட்டாலும் மைனர் வைத்திருந்த ஒரு தகப்பனோ மாமனோ அகப்படுவார். 1948 ஒக்டோபரில் சந்தைக்கு வரும் தறுவாயில், மாதிரிக் காரை நெடுக்காகப் பிளந்து நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்து, இதுவே சரியான அகலம் என்று அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் முடிவெடுத்த கதை பலருக்கும் மனப்பாடம். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு. அதைத் தொட்டுக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தவர்கள் ஐந்து பேர். ஐந்து தடவையும் புதிதாகக் கேட்பவனைப் போலவே நின்றேன், ஒருவரும் வாளியில் போடாமல் போகவில்லை.

ஸ்கொட்லாந்தின் பிற்லொக்ரியில் நாங்கள் தேநீர் குடிக்க நிறுத்திய இடத்தில், வீடு வீடாகப் போகும் தாதியாக மைனரில் திரிந்த ஒரு மூதாட்டி, ஓட்டுநர் இருக்கையில் சற்று அமரலாமா என்று கேட்டார். அமர்ந்ததும் அவருடைய விரல், கண் பார்க்காமலேயே, நுனியில் பச்சை விளக்கு எரியும் சிக்னல் தண்டைத் தேடிப் பிடித்தது. இறங்கியபின், எந்த ஹொஸ்பிஸ், எத்தனை கட்டில்கள் என்று தொழில்முறையாக விசாரித்துவிட்டு நாற்பது பவுண் தந்தார். பதிலுக்குச் சொல்ல என்னிடமும் ஒரு கதை இருந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரும்பொருளாகிவிட்ட காலத்தில், எங்கள் ஐயா தமது மைனரின் காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார். வெண்புகை கக்கியபடி போன அந்தக் காரைப் பற்றிச் சொன்னதும் மூதாட்டி தமது பேத்தியைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார்.

பணம் சேர்க்கும் முறையைப் பொறுத்தவரையில், பெருந்தொகை வந்தது இணையப் பக்கம் வழியாகத்தான்: 3,200 பவுண். வாளியில் 740. வரி செலுத்துபவர் ‘கிஃப்ட் எய்ட்’ கட்டத்தில் அடையாளமிட்டால் அவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாக நிறுவனத்துக்குக் கிடைக்கும். இதை உறவினர்களுக்கு முன்கூட்டியே விளக்காதது எங்கள் பிழை, பலர் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார்கள். நாங்கள் பயன்படுத்திய தளத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு: தளத்துக்கான ‘விருப்பக் கொடை’ ஒன்றை முன்கூட்டியே நிரப்பி வைத்திருப்பதால், அதைப் பூச்சியத்துக்கு இறக்கத் தெரியாத வயதானவர்கள் ஹொஸ்பிஸுக்கென்று நினைத்து அதையும் சேர்த்துச் செலுத்திவிட்டார்கள். வாளியை எல்லா இடத்திலும் நீட்டவும் முடியாது. பொது வீதியில் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும், தனியார் இடத்தில் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ஹொஸ்பிஸ் முத்திரையிட்டுத் தந்த வாளியை, கேட்டு அனுமதி பெற்ற இடங்களில் மட்டுமே வெளியே எடுத்தோம்.

செலவு முழுவதும் எங்கள் சொந்தப் பணம். இதை இணையப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது, ஏனெனில் தம் பணத்தில் இவர்கள் ஊர் சுற்றுகிறார்களோ என்ற ஐயம் கொடுப்பவர் மனதில் இயல்பாகவே எழும். கணக்குப் போடும்போது பலர் மறப்பது ஒன்று உண்டு: லண்டனில் இருந்து லாண்ட்ஸ் எண்ட் போகவே 300 மைலுக்கு மேல், ஜோன் ஓ குரோட்ஸில் இருந்து வீடு திரும்ப ஏறத்தாழ 700 மைல். எல்லோரும் நன்கொடை தருவது நடுவில் உள்ள 874 மைலுக்குத்தான். எங்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 240 லீற்றர் ஈ5 முடிந்தது. திரும்பும் வழியில் பக்கங்களில் ஒட்டியிருந்த ஹொஸ்பிஸ் பதாகைகளை மச்சான் கழற்ற விடவில்லை. ஸ்கொட்லாந்தின் டிறமொக்ரர் கணவாய்க்கு அருகே பம்ப் ஐந்தாம் தடவையாக நின்றபோது, உதவிக்கு வந்த லொறிச் சாரதியிடம் அவர் முதலில் நீட்டியது வாளியை. ஸ்க்ரூட்ரைவரை என்னிடம் தந்தார்.