பெசன்ட் நகர் மணலில் ஒரு மெட்டல் டிடெக்டர்

ஆறாயிரம் ரூபாய்க்கு இணையத்தில் வாங்கிய, ஒற்றை அலைவரிசையில் இயங்கும் தொடக்கநிலை மெட்டல் டிடெக்டரை மூன்று மாதங்களாக ஞாயிறு விடியற்காலைகளில் பெசன்ட் நகர் கடற்கரையில் பயன்படுத்தி வருகிறேன். சுண்டல் விற்கும் பக்கத்து உலர்ந்த மணலில் கருவி நன்றாகவே உழைக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தை அரைச் சாண் ஆழத்தில் தெளிவான ஒலியுடன் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அலை நனைக்கும் ஈர மணலில், உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், உலோகமே இல்லாத இடத்திலும் ஓயாமல் ஒலிக்கிறது. உணர்திறனைக் குறைத்தால் இரைச்சல் அடங்குகிறது, கூடவே ஆழமும் போய்விடுகிறது. ஆணிகளைத் தவிர்ப்பதற்காக இரும்பை ஒதுக்கும் வசதியை இயக்கினேன். நம் ஒரு ரூபாய் நாணயமும் காந்தத்தில் ஒட்டும் எஃகு என்பதால் அதுவும் சேர்ந்து விடுபட்டது. (சோடா மூடி மட்டும் எப்படியோ தப்பித்து, நாணயம் போலவே ஒலிக்கிறது!)

கருவியின் அடிமுனையில் உள்ள தேடும் தட்டுக்கு மட்டுமே நீர்புகாத் தன்மை உண்டு. ஆனால் பெட்டியின்மீது முழுக் கருவிக்கும் அது பொருந்துவதுபோல் அச்சிட்டிருப்பதை ஏற்க முடியவில்லை. புதைந்து கிடக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்லும் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியும் கையேட்டில் ஒரு வரி இல்லை. உலர்ந்த மணலோடு நிறுத்திக்கொள்பவர் வாங்கலாம். அலையோரம் தேட விரும்புபவர், உப்பு ஈரத்தின் இரைச்சலை இதைவிட நன்றாகச் சமாளிக்கும் பல அலைவரிசைக் கருவிக்குப் பணம் சேர்ப்பதே நல்லது.