பிரசவத்துக்கப்புறம் முதுகுவலி: பெல்ட்டா, க்ரஞ்சா, பிளாங்கா, இல்ல பாயில படுத்து பண்றதா?

குழந்தை பொறந்து ரெண்டு மூணு மாசம் ஆனதும் இடுப்பு விட்டுப்போற மாதிரி ஒரு வலி வரும் பாருங்க, அதுக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம். அம்மா பழைய காட்டன் புடவையை மடிச்சு வயித்துல இறுக்கிக் கட்டச் சொல்வாங்க, ஃப்ரெண்ட்ஸ் பெல்ட் வாங்கச் சொல்வாங்க, யூடியூப் திறந்தா க்ரஞ்ச் (மல்லாந்து படுத்து தலையையும் தோளையும் தூக்குறது), பிளாங்க் (குப்புற முழங்கையும் கால்விரலும் ஊனி உடம்பை நேரா நிறுத்துறது). நடுவுல "முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்"னு ஒரு தீர்ப்பு வேற. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், ஆனா மாசக்கணக்கா நிக்கிற வலிக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கறதா ஆய்வுகள்ல தெரியல.

பெல்ட், புடவைக்கட்டு ரெண்டும் ஒண்ணுதான். சிசேரியன் ஆனவங்களுக்கு முதல் சில வாரம் எழுந்திரிக்க, இரும ஒரு பிடிமானமா இருக்கும், அதை மறுக்கல. ஆனா கழட்டினா அவ்வளவுதான், தசை அதால வலுவாகாது, ரொம்ப இறுக்கினா அழுத்தம் எல்லாம் கீழ, ஏற்கனவே தளர்ந்து கிடக்கிற இடுப்புத்தளத் தசை (மூத்திரப்பை, கர்ப்பப்பையை அடியில தாங்குற தசை) மேல போகும்.

க்ரஞ்ச் எனக்கு சுத்தமா பிடிக்காது, அதுவும் ஆரம்பத்துல. கர்ப்பத்துல நடு வயித்துல இருக்கற ரெண்டு நேர்த்தசையும் விலகியிருக்கும். மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, தலையை மட்டும் லேசா தூக்கி தொப்புள் பக்கத்துல விரலை வச்சுப் பாருங்க, ரெண்டு விரலுக்கு மேல உள்ள போச்சுன்னா இன்னும் சேரலன்னு அர்த்தம். பெரும்பாலும் 8 வாரத்துக்குள்ள தானா நெருங்கிடும், அப்புறமும் பள்ளம் நல்லாத் தெரிஞ்சா பிசியோகிட்ட காட்டிடுங்க. பால் குடுக்க, டயப்பர் மாத்தன்னு நாள் பூரா முன்னாடி குனிஞ்சே கிடக்கோம், இதுல எக்சர்சைஸ்லயும் குனியணுமா?

பிளாங்க் நல்லதுதான், நேரம்தான் தப்பு. பண்ணும்போது நடு வயிறு கூம்பு மாதிரி புடைச்சா, இல்ல மூச்சைப் பிடிச்சாதான் நிக்க முடியுதுன்னா, அது இப்போதைக்கு வேணாம், சுவத்துல கை ஊனி நின்னு ஆரம்பிங்க.

என் ஓட்டு பாயில படுத்து பண்றதுக்குத்தான், பாக்க ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்கும், பண்ணிப் பாத்தா தெரியும். மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே யூரினை அடக்குற மாதிரி அந்த இடுப்புத்தளத் தசையை மேல இழுத்து, அடிவயித்தை லேசா உள்ள வாங்கி, அதை விடாம ஒரு குதிகாலை தரையில தேச்சு நீட்டி மடக்கணும், இடுப்பு ஆடக்கூடாது, அதான் மொத்த விஷயமும். அது கைவந்தா இடுப்பைத் தூக்குற பிரிட்ஜ், அப்புறம் நாலு கால்ல நின்னு எதிரெதிர் கை காலை நீட்டுற பர்ட் டாக்.

நார்வேல 2004-ல வந்த ஒரு ஆய்வுல, பிரசவத்துக்கப்புறம் இடுப்பு வளையத்துல (இடுப்பைச் சுத்தி இருக்கற எலும்பு, மூட்டுல) வலி இருந்த 81 பேருக்கும் பிசியோதெரபி குடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் இந்த மாதிரி பயிற்சிகளை ஆளுக்கேத்த மாதிரி 20 வாரம் பண்ண வச்சாங்க. அவங்களுக்குத்தான் வலி நல்லா குறைஞ்சுது, ஒரு வருஷம் கழிச்சும் வித்தியாசம் நின்னுச்சு. அதே நேரம் பொதுவான நாள்பட்ட முதுகுவலின்னு எடுத்துக்கிட்டா இதுவும் மத்த எக்சர்சைஸும் கிட்டத்தட்ட சமம்னுதான் 2016 காக்ரேன் அலசல் (பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்து முடிவு சொல்றது) சொல்லுது. அதனால இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல, குழந்தை பக்கத்துல படுத்துக்கிட்டே பண்ணலாம், அதனால விடாம பண்ணுவோம், எனக்கு அதுதான் பெரிய ப்ளஸ்.

நார்மல் டெலிவரின்னா உடம்பு ஒத்துக்கிட்டா சில நாள்லயே மூச்சுப் பயிற்சி தொடங்கலாம், சிசேரியன்னா டாக்டரைக் கேட்டுட்டு. கால் மரத்துப்போச்சு, யூரின் கட்டுப்பாடு திடீர்னு போச்சு, வலியோட காய்ச்சல்னா எக்சர்சைஸ் எல்லாம் ஓரம், நேரா ஆஸ்பத்திரிதான்.